சாந்தோனாயின் ‘பிரான்செஸ்கா தா ரிமினி’: பெர்லின் நிகழ்த்துகைப் பதிவில் மௌனத்தின் இடம்

முன்னுரை

ரிக்கார்தோ சாந்தோனாய் இசையமைத்த ‘பிரான்செஸ்கா தா ரிமினி’ என்னும் இத்தாலிய இசை நாடகம் (ஓப்பரா) 1914-இல் தூரின் நகரில் அரங்கேறியது. இன்று அரிதாகவே மேடையேறும் இதனைப் பெரும்பாலோர் ஒலிப்பதிவு வழியாகவே அறிகின்றனர். ஒலிப்பதிவு மட்டும் இப்படைப்பை மதிப்பிடப் போதுமானதா என்பதே இக்கட்டுரையின் வினா. பெர்லின் டாய்ச்சே ஓப்பர் அரங்கில் 2021 மார்ச்சில் பதிவு செய்யப்பட்ட, கிறிஸ்டோஃப் லோய் இயக்கிய நிகழ்த்துகை இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

மூலமும் ஆக்கமும்

தாந்தேயின் ‘நரகம்’ ஐந்தாம் காண்டத்தில் பிரான்செஸ்கா தன் கதையைக் கூறுகிறாள். பாவ்லோ அழுகிறானேயன்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. இக்கதையை தனுன்சியோ 1901-இல் நாடகமாக்கினார். அதைச் சுருக்கித் தித்தோ ரிக்கோர்தி இசை நாடகப் பனுவலை அமைத்தார். தாந்தே பாவ்லோவுக்கு அளித்த மௌனம் இவ்வாக்கத்தின் முதல் அங்கத்திலும் தொடர்கிறது.

சொல்லற்ற சந்திப்பு

பாவ்லோவே தன் மணமகன் என நம்பவைக்கப்பட்ட பிரான்செஸ்கா அவனுக்கு ஒரு செந்நிற ரோஜாவை நீட்டுகிறாள். உண்மையான மணமகன் அவனுடைய ஊனமுற்ற அண்ணன் ஜியான்சியோத்தோ. முதல் அங்கத்தின் முடிவான இக்காட்சியில் இருவரும் பாடுவதில்லை. பெண்கள் குழுவின் பாடலும், லூட், வயோலா பொம்போசா முதலிய பழைய கருவிகளின் இசையும் மட்டுமே ஒலிக்கின்றன. ஒலிப்பதிவைக் கேட்பவருக்கு பாவ்லோ வந்து நிற்பதே புலப்படாது. காட்சியின் பொருள் முழுவதும் நடிகரின் மெய்ப்பாட்டில் தங்கியுள்ளது.

பெருந்தொற்றுக் காலத்தில் பார்வையாளர் இன்றிப் பதிவான இந்நிகழ்த்துகையில் சாரா ஜாகுபியாக் பிரான்செஸ்காவாகவும் ஜொனாதன் டெட்டல்மன் பாவ்லோவாகவும் நடித்தனர். கார்லோ ரிட்சி இசைக்குழுவை நடத்தினார். பெரிய அரங்கின் பின்வரிசைக்கு எட்டாத முகக்குறிப்புகளைப் படக்கருவி அணுக்கமாகக் காட்டவல்லது. எனவே இங்குப் படப்பதிவு மேடைக்கு ஒரு மாற்று மட்டுமன்று. பனுவல் சொல்லாது விட்டதை வாசிக்கும் கருவியுமாகிறது.

பிறர் நூலின் சொற்கள்

மூன்றாம் அங்கத்தில் லான்சலாட், குவினிவியர் காதல் கதையை இருவரும் சேர்ந்து வாசிக்கின்றனர். வாசிப்பு முத்தத்தில் முடிகிறது. முதற்சந்திப்பில் சொல் இல்லை. காதல் வெளிப்படும் தருணத்திலோ சொற்கள் பிறிதொரு நூலுக்குரியவை. இவ்விரு காட்சிகளையும் இணைத்துக் காணும்போதே இறுதி அங்கத்தில் ஜியான்சியோத்தோவின் வாளுக்குக் குறுக்கே பிரான்செஸ்கா பாய்வதன் பொருள் தெளிவாகும். அங்கும் அவள் விடை செயலே.

லோய் இடைக்காலச் சூழலைத் தவிர்த்து இக்கால உடையைக் கையாள்கிறார். இதனால் பழைய கருவிகளின் ஒலிக்கும் காட்சிக்கும் இடையே இடைவெளி தோன்றுகிறது. 1984-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் பதிவான பியெரோ ஃபஜ்ஜோனியின் இடைக்காலப் பாணி நிகழ்த்துகையில் இக்குறை இல்லை. எனினும் அலங்காரம் நீங்கியதால் பார்வை நடிகரின் உடல்மொழியில் குவிகிறது.

முடிவுரை

இவ்விசை நாடகத்தின் முதன்மைத் தருணங்களுள் ஒன்று பாடப்படாத இடத்தில் அமைந்துள்ளது. ஆகவே ஒலிப்பதிவையும் இசைக்குறிப்பையும் மட்டும் கொண்டு இதனை எடைபோடுவது நிறைவற்றது. அரிதாக மேடையேறும் படைப்புகளின் ஆய்வில் நிகழ்த்துகைப் படப்பதிவும் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.