பென்ஷனுக்குப் போட்ட பணம் வரிப் படிவத்தில் எங்கே வரும்?

பிரிட்டனில் வேலை பார்ப்பவர்கள் 2025-26-ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2027 ஜனவரி 31. பென்ஷன் பகுதிக்கு வந்ததும் பலரும் தேடுவது ஒன்றைத்தான்: போன வருடங்களில் பயன்படுத்தாமல் விட்ட வரம்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தேட வேண்டாம். அப்படியொரு கட்டமே படிவத்தில் கிடையாது.

இங்கே இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. உங்கள் கையிலிருந்து போன பணத்துக்கு வரிச்சலுகை கேட்பது ஒன்று. கம்பெனி போட்டதையும் சேர்த்து, ஆண்டு வரம்பான 60,000 பவுண்டைத் தாண்டினோமா என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவது படிவத்துக்குப் போகும். இரண்டாவது, வரம்புக்குள் அடங்கும்வரை உங்கள் கோப்பிலேயே இருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தப்பாக எழுதுகிறார்கள்.

முதலில் பேஸ்லிப்பை எடுங்கள். பென்ஷன் பணத்தை வரிக்கு முன்பே பிடித்துவிட்டார்களா? என்ஹெச்எஸ் ஊழியர்கள், ஆசிரியர்கள் பலருக்கும் அப்படித்தான். பி60-இல் உள்ள சம்பளத் தொகையே அந்தப் பிடித்தம் போக மிஞ்சியதுதான். சலுகை ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் மறுபடி எழுதக் கூடாது. சாலரி சாக்ரிஃபைஸ் என்றாலும் எழுத வேண்டியதில்லை. அது சட்டப்படி கம்பெனி போட்ட பணம்.

நெஸ்ட் திட்டத்திலோ, நீங்களாகத் தொடங்கிய தனிநபர் பென்ஷனிலோ கதை வேறு. அங்கே வரி கட்டிய பிறகுள்ள பணம்தான் போகிறது. நீங்கள் 80 பவுண்டு போட்டால், பென்ஷன் நிறுவனம் அரசிடமிருந்து 20 வாங்கி 100 ஆக்குகிறது. இதைத்தான் எஸ்ஏ100 படிவத்தின் நான்காம் பக்கத்தில், பென்ஷன் பகுதியின் முதல் கட்டத்தில் எழுத வேண்டும். எழுத வேண்டியது 100, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன 80 அல்ல.

மாதம் 400 பவுண்டு போடுபவரைப் பார்ப்போம். வருடத்துக்கு 4,800 போகிறது. பென்ஷனில் சேர்வது 6,000. கட்டத்தில் வர வேண்டியது 6,000. வங்கிக் கணக்கைப் பார்த்து 4,800 என்று எழுதினால், 40 சதவீத வரி கட்டுபவருக்கு 240 பவுண்டு நஷ்டம். வருமானம் ஒரு லட்சத்துக்கும் 1,25,140-க்கும் நடுவில் இருந்தால் நஷ்டம் 480. அந்த இடைவெளியில் 12,570 பவுண்டு வரிவிலக்கும் படிப்படியாகக் கரைவதால், உண்மையான வரி 60 சதவீதத்தைத் தொடுகிறது. வரித்துறை இந்தப் பிழையைக் கண்டுபிடித்து உங்களுக்குப் பணம் அனுப்பும் என்று காத்திருக்க வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு விகிதங்கள் வேறு, எழுதும் முறை இதேதான். சைல்டு பெனிஃபிட் வாங்கும் குடும்பங்களும் இந்தத் தொகையைச் சரியாகப் போட வேண்டும். சைல்டு பெனிஃபிட்டைத் திருப்பிப் பிடிக்கும் 60,000 பவுண்டு எல்லையை, பென்ஷன் கழித்த வருமானத்தை வைத்தே பார்க்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை மொத்தமாகப் போட்ட பணம் இருந்தால், முதல் கட்டத்தில் சேர்ப்பதோடு 1.1 என்ற கட்டத்திலும் அதை மட்டும் தனியாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடமும் அவ்வளவு போடுவீர்கள் என்று கணக்கிட்டு டாக்ஸ் கோடை மாற்றிவிடுவார்கள். பிறகு அந்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

இனி இரண்டாவது கணக்கு. 2022-23 வரை ஆண்டு வரம்பு 40,000. அதற்குப் பிறகு 60,000. முந்தைய மூன்று வருடங்களில் மிச்சமிருப்பதை இந்த வருடத்துக்குக் கொண்டுவரலாம். இந்த வருட வரம்பை முழுக்கத் தீர்த்த பிறகுதான் பழைய மிச்சத்தைத் தொடலாம். அதிலும் மிகப் பழைய வருடத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

1,20,000 பவுண்டு சம்பளக்காரர் ஒருவர் 2025-26-இல் தன் பங்காக, அரசு சேர்த்ததோடு, 70,000 போட்டார். கம்பெனி 15,000 போட்டது. மொத்தம் 85,000, வரம்பைத் தாண்டியது 25,000. அவருக்கு 2022-23-இல் 18,000 மிச்சம், 2023-24-இல் 36,000 மிச்சம். முதல் 18,000 முழுதும் போகும், அடுத்ததில் 7,000 போகும், 29,000 நிற்கும். வரம்பைத் தாண்டியதற்கான வரி ஒரு பைசா இல்லை. படிவத்தில் அவர் எழுதுவது அந்த 70,000 மட்டுமே. கம்பெனியின் 15,000-மும் தாண்டிய 25,000-மும் எங்கும் வராது.

இரண்டு நிபந்தனைகளை மறக்க வேண்டாம். எந்த வருடத்தின் மிச்சத்தை எடுக்கிறீர்களோ அந்த வருடத்தில் நீங்கள் பிரிட்டனில் பதிவான பென்ஷன் திட்டம் ஒன்றில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பணம் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. 2024-இல் சென்னையிலிருந்து வந்து இங்கே முதல் வேலையில் சேர்ந்தவருக்கு 2022-23-இன் மிச்சம் கிடையாது, ஊரில் பிஎஃப் கணக்கு இருந்தாலும். அடுத்தது, எவ்வளவு மிச்சம் இருந்தாலும் உங்கள் பங்குக்கு வரிச்சலுகை அந்த வருடச் சம்பாத்தியம் வரைதான். சொந்தக் கம்பெனி வைத்து, சம்பளமாக 12,570 மட்டும் எடுத்து மீதியை டிவிடெண்டாக வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டிவிடெண்டு இந்தச் சம்பாத்தியத்தில் சேராது. அவர்கள் கம்பெனிக் கணக்கிலிருந்தே பென்ஷனுக்குப் போடுவதை ஆடிட்டரிடம் பேசுவது நல்லது.

மருத்துவர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். என்ஹெச்எஸ் திட்டத்தில் போட்ட பணம் கணக்கில் வராது. வருடாந்திர பென்ஷன் எவ்வளவு வளர்ந்தது என்பதே வரும். பணவீக்கம் போக 2,600 பவுண்டு கூடியிருந்தால், 16-ஆல் பெருக்கி 41,600 என்று எடுப்பார்கள். பதவி உயர்வு வந்த வருடத்தில் இது எகிறிவிடும். திட்டத்தில் வளர்ந்தது வரம்பைத் தாண்டினால் 2026 அக்டோபர் 6-க்குள் திட்டத்தினர் தாங்களாகவே உங்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தாண்டாவிட்டால் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். வருமானம் இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறவர்களுக்கு வரம்பே 10,000 வரை சுருங்கக்கூடும். அவர்கள் இதைத் தனியே செய்யாமல் இருப்பது உத்தமம்.

பழைய மிச்சத்தையெல்லாம் கழித்தும் தாண்டினால்தான் படிவத்தில் வேலை. எஸ்ஏ101 என்ற கூடுதல் பக்கங்களில் தாண்டிய தொகையை எழுத வேண்டும். அது வருமானத்தின் மேல் ஏறி, உங்கள் உச்ச விகிதத்தில் வரியாகும். வரியைப் பென்ஷன் திட்டமே கட்டட்டும் என்று கேட்க 2027 ஜூலை 31 வரை நேரம் உண்டு. திட்டம் கட்டினாலும் படிவத்தில் எழுதத்தான் வேண்டும். அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

வரம்புக்குள் அடங்கியவர்கள் வருடவாரியான வரம்பு, பயன்படுத்தியது, மிச்சம் என்று ஒரு தாளில் எழுதி, பென்ஷன் அறிக்கைகளோடு வையுங்கள். வரித்துறையின் தளத்தில் இதற்கென்றே ஒரு கால்குலேட்டர் உண்டு. விடையை அச்செடுத்துச் சேர்த்துவிடலாம்.

போன தடவை 100-க்குப் பதில் 80 எழுதிவிட்டவர்கள், 2024-25 படிவத்தை 2027 ஜனவரி 31 வரை திருத்தலாம். அதற்கும் முந்தையது என்றால் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். 2022-23-க்கான கோரிக்கை 2027 ஏப்ரல் 5-க்குள் போய்ச் சேர வேண்டும்.