கத்தி படும் முன் கேட்க வேண்டியவை

1992இல், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை. இரவில் குப்பி விளக்குதான். எனக்கு அப்போது ஆறு வயது. பாயில் கிடந்த கொப்பியை எடுக்கக் குனிந்தேன். கை தட்டி விளக்குச் சரிந்து, எண்ணெய் சட்டையில் ஊற்றித் தீப்பிடித்தது. அம்மா ஈரச் சாக்கால் மூடி அணைத்தா. இடது தாடையிலிருந்து காறையெலும்புக்குக் கீழ்வரை தோல் வெந்து போயிருந்தது.

காயம் ஆறியபோது இரண்டு விதமான தழும்பு மிஞ்சியது. கழுத்தின் பக்கத்தில் கயிறு போல இறுகிய ஒரு பட்டை. காறையெலும்புக்குக் கீழே, காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்த ஒரு தடித்த மேடு. இவை இரண்டும் வெவ்வேறு என்றும், இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்றும் 32 வயது வரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கிட்ட உள்ள இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வாய்ப்பாட்டுப் படித்து, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். 2018இல் கனடாவிலிருந்து அக்கா கூப்பிட்டா. பெறாமகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் ஆவணியில். நான்தான் பாட வேண்டும். "தங்கச்சி, மேடையில கமெரா கிட்ட வந்து எடுக்கும். அதுக்கு முதல் கழுத்தைச் சரிபண்ணு. காசு நான் அனுப்புறன்" என்றா.

ஒரு அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். பத்து நிமிடம் பேசினார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டி, "தடமே தெரியாது" என்றார்கள். அன்றே முற்பணம் கட்டினால் கழிவு உண்டு என்றார்கள். கட்டினேன். சத்திரசிகிச்சை செய்யப் போகிறவரை நான் காணவில்லை. அவரைக் காண வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

அன்றிரவு அம்மா கேட்டா: "பிளாஸ்டிக்கை உள்ளுக்கு வைச்சுத் தைப்பினமோ பிள்ளை?" எனக்குப் பதில் தெரியவில்லை. 'பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை' என்பது உருக்கொடுத்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், நாம் பாவிக்கும் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பதால் வந்த பெயரல்ல என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அம்மாவின் அந்தச் சின்னக் கேள்விக்கே விடை தெரியாமல் என் கழுத்தை வெட்டக் காசு கட்டியிருந்தேன். அடுத்த கிழமை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போனேன். கட்டிய முற்பணம் திரும்பி வரவில்லை. இனி எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு கற்றவை.

எது கரைச்சல் என்று முதலில் உங்களையே கேளுங்கள்

கிளினிக்கில் வைத்தியர் தழும்பைத் தொட முதலே, "உங்களுக்கு எது கரைச்சல்? பார்வையா, அசைவா?" என்று கேட்டார். கூரையைப் பார்க்கச் சொன்னார். நாடியை முழுவதும் நிமிர்த்த முடியவில்லை. மேல் ஸ்தாயியில் பாடும்போது இடப்பக்கம் இழுப்பது எனக்குப் பழகிப் போயிருந்தது. அதற்கு மருத்துவம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கமெராவுக்குத் தெரியும் மேட்டை அகற்றத்தான் போயிருந்தேன். என்னை உண்மையில் கட்டிப் போட்டிருந்தது அந்தப் பட்டை.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை அழகுக்கு மட்டுமல்ல. தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் திரும்ப இயங்க வைத்த வைத்தியர் போல் பிராண்ட் 1940களின் கடைசியில் வேலூரில் தொடங்கிய வேலையும் இந்தத் துறைக்குள்தான் வருகிறது. அழகுக்காகச் செய்வது தவறில்லை. ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுத முடியாவிட்டால், இன்னும் போக வேண்டாம்.

தழும்பு அழியாது, மாறும்

"தடமே தெரியாது" என்று எவராவது சொன்னால் எழுந்து வாருங்கள். தோலை முழு ஆழத்துக்கு வெட்டினால் தழும்பு வரும். பழைய தழும்பை எடுத்து அதைவிட நல்ல தழும்பை வைப்பதே சத்திரசிகிச்சையால் ஆகும் காரியம். கழுத்துப் பட்டையை ஆங்கில 'இசட்' எழுத்தின் வடிவில் வெட்டி, முக்கோணத் துண்டுகளை இடம் மாற்றித் தைத்தால் தோல் நீளும், இழுவை குறையும். கோடு இருக்கும். ஒட்டுத்தோல் வைத்தால், தோல் எடுத்த இடத்திலும் தடம் மிஞ்சும்.

மேட்டின் பெயர் கெலோயிட். எங்களைப் போல கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்புக் கூட. அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும், சிலருக்கு முன்னதைவிடப் பெரிதாகவே வளரும். தழும்புக்குள் ஸ்டீரோயிட் ஊசி, சிலிக்கன் தாள், அழுத்தம் என்று மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். முதலில் போன இடத்தில் இதை எவரும் சொல்லவில்லை. உங்கள் குடும்பத்தில் எவருக்காவது காது குத்திய இடம் தடித்து வளர்ந்ததா என்று வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள்.

வெட்டப் போகிறவர் யார்?

பெயரைக் கேளுங்கள். இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உண்டா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் விசேட பயிற்சி பெற்றவரா என்று பாருங்கள். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு இளைஞர் உயிரிழந்தார். அவர் இறுதியாண்டு மருத்துவ மாணவர். மருத்துவம் படித்தவருக்கே அப்படி நடந்தது என்பதை, "இது சின்ன விஷயம்தானே" என்று எவராவது சொல்லும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்து வைத்தியரையும் சந்தியுங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட பேச்சு மயக்க மருந்து வைத்தியருடன்தான் நடந்தது. கழுத்து இறுகியவர்களுக்கு மூச்சுக்குழாயில் குழாய் விடுவது கடினம், அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும் என்றார். நான் பாடுகிறவள் என்று சொன்னதும் இன்னும் கவனமாகக் கேட்டார். அந்தக் குழாய் குரல்நாண்களின் நடுவால்தான் போகிறது. சில நாள் குரல் கரகரக்கலாம், அரிதாகக் கூடுதல் நாள் நீடிக்கலாம் என்று விளக்கினார். உங்கள் தொழில் என்ன என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தையல்காரருக்கு விரலும் தோட்டக்காரருக்குத் தோளும் எனக்குக் குரல் போலத்தான்.

சலரோகம், ஆஸ்துமா, குருதியை இளக்கும் குளிசை, ஒவ்வாமை, நாட்டு மருந்து எதையும் மறைக்க வேண்டாம். புகைப்பவர்கள் குறைந்தது நாலு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை தோலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், தைத்த இடம் ஆறாமல் போகலாம்.

விழாவுக்கு முன் என்று அவசரப்படாதீர்கள்

"ஆவணிக்கு முதல் முடியுமா?" என்று கேட்டேன். வெட்டிய தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும், முதிர ஒரு வருடம் வரை, சிலவேளை அதற்கு மேலும் எடுக்கும் என்றார் வைத்தியர். அக்காவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீ அப்படியே வா" என்றா. தழும்போடுதான் ரொறொன்ரோவில் பாடினேன். படங்களில் அது தெரிகிறது. பெறாமகள் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறாள்.

கலியாணம், அரங்கேற்றம், வெளிநாட்டுப் பயணம் எதுவும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கக் கூடாது. இன்றே கட்டினால் மலிவு என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம்.

முழுச் செலவையும் கணக்கிடுங்கள்

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரிடம் போனால் சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து, காயம் கட்டுதல், திரும்பச் செய்ய நேர்ந்தால் அதற்கான காசு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கொழும்பு இங்கிருந்து 400 கிலோமீற்றர் அளவு. தையல் பிரிக்கவும் ஊசி போடவும் எத்தனை தரம் போக வேண்டும், வேலைக்கு எத்தனை நாள் போக முடியாது, இரவில் திடீரெனக் குருதி கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் கேளுங்கள்.

இப்போது

2019இல் பட்டைக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. மேட்டை வெட்டவில்லை, ஊசியால் அது தட்டையாகி, கடியும் குறைந்தது. மூன்று நாள் குரல் கரகரத்தது, பிறகு தெளிந்தது. கழுத்துப் பயிற்சியை மாதக்கணக்கில் காலையும் மாலையும் செய்தேன். அதை விட்டால் தோல் திரும்ப இறுகும் என்று சொல்லியிருந்தார்கள். வெயிலில் புதுத் தழும்பு கறுக்கும் என்பதால் சந்தைக்கும் குடையோடுதான் போய் வந்தேன். தழும்பு இன்றும் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் ஆஞ்சநேயர் கோயில் முன்றலில் நின்று அந்தப் பெரிய சிலையின் முகத்தை நாடி நிமிர்த்திப் பார்க்க முடிகிறது.

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் அம்மாமாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதுங்கள். எனக்கு இது ஏன் வேண்டும்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? பிழைத்துப் போனால் என்ன செய்வீர்கள்? செய்யப் போகிறவர் யார்? கேட்கும் துணிவுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாவது வைத்தியர் ஒருவரிடமும் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு காசைக் கட்டுங்கள். அதுவரை உங்கள் தோல் உங்களோடு பத்திரமாக இருக்கட்டும்.