புது லேப்டாப் வந்தாச்சு, எப்படித் தொடங்குவது?



நம்ம மாவட்டத்துக்கும் லேப்டாப்புக்கும் பழைய உறவு உண்டு. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் பக்கத்தில் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அன்றைக்குப் பிள்ளைகள் தொட்டால் போதும் என்று நாம் ஒதுங்கிக் கொண்டோம். இன்று குழுக் கணக்கே லேப்டாப்பில் ஏறுகிறது. இனி ஒதுங்க முடியாது.

பெட்டியை இரண்டு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு பிரியுங்கள். பெட்டி மேல் உள்ள சீரியல் நம்பர், லேப்டாப் அடியில் உள்ள நம்பர், பில்லில் உள்ள நம்பர் மூன்றும் ஒன்றாக இருக்கணும். பில் குழுவின் பெயரில் வாங்குங்கள். உள்ளே மணி மணியாக ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். ஈரம் உறிஞ்ச வைத்தது அது, குழந்தை கையில் சிக்காமல் எடுத்துவிடுங்கள். சார்ஜரை எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில்தான் போடணும். இல்லாவிட்டால் சில லேப்டாப்பைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும்.

பட்டனை அழுத்தினால் எந்த நாடு, எந்த கீபோர்டு என்று வரிசையாகக் கேட்கும். வைஃபை இல்லையா, போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். முதல் நாள் அப்டேட்டிலேயே டேட்டா தீர்ந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

அடுத்து மைக்ரோசாப்ட் கணக்கு கேட்கும். இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். அவள் மெயிலையே போடச் சொன்னோம். பிறகு அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஒருநாள் ரிப்பேர் செய்து வந்த லேப்டாப் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. ரெகவரி கீ என்பார்கள். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் உள்ளே இருப்பதெல்லாம் தானாகவே பூட்டப்படுகிறது, அதற்கான சாவிதான் இந்த எண். அது யார் கணக்கைப் போட்டோமோ அவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அவளுக்கோ பழைய போன் நம்பர் போய், பாஸ்வேர்டும் மறந்துவிட்டது. ஏழு மாதச் சேமிப்பு, கடன் கணக்கு அவ்வளவும் உள்ளே. அவள் மேல் தப்பு இல்லை, கேட்காமல் விட்டது நாங்கள். ஒவ்வொருத்தர் பாஸ்புக்கையும் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திரும்ப எழுதினோம். ஒரு அக்கா கட்டிய தவணைக்கு வரவே கிடைக்காமல் பெரிய மனத்தாங்கல் ஆகிவிட்டது.

அதனால் குழுவுக்கென்று தனி மெயில் தொடங்குங்கள். கடைத் தம்பி "நானே போட்டுத் தர்றேன்க்கா" என்றாலும் அவர் மெயில் வேண்டாம். மெயிலுக்குக் கொடுக்கும் போன் நம்பர் மாறாத நம்பராக இருக்கட்டும். அன்றைக்கே கணக்குக்குள் போய் ரெகவரி கீயைப் பார்த்து இரண்டு தாளில் எழுதுங்கள். ஒன்று தலைவியிடம், ஒன்று செயலாளரிடம். லேப்டாப் பையிலேயே வைத்தால் பூட்டோடு சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. வாரம் ஒருமுறை கணக்கைப் பென்டிரைவிலும் ஏற்றுங்கள், தீர்மான நோட்டையும் விட்டுவிடாதீர்கள்.

தமிழில் அடிக்க, செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்து இடதுகைப் பக்கம், மெய் வலதுகைப் பக்கம். புள்ளி பெரும்பாலும் தானே விழும். ஏ, கே, கே, க்யூ என்று நான்கு தட்டு தட்டிப் பாருங்கள், "அம்மா" என்று வரும்.