குழந்தையின் உயரமும் கேளிக்கைப் பூங்காவும்: செவ்வாப்பேட்டைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வருஷப் பரீட்சை முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்ட் முறையில் உழைத்து, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்க முடிகிற பெற்றோர், அந்த நாளை எந்தக் கேளிக்கைப் பூங்காவில் கழிப்பது என்று ஆலோசிக்கும்போது தூரத்தையும் கட்டணத்தையும் விசாரிக்கிறார்கள். குழந்தையின் உயரத்தை அளந்து பார்ப்பவர்கள் அபூர்வம். அளக்காமல் புறப்பட்டதன் பலன் ராட்டினத்தின் வாசலில் தெரிகிறது: வெயிலில் வெகுநேரம் வரிசையில் நின்ற ஐந்து வயதுக் குழந்தை, அங்கே வரைந்திருக்கும் கோட்டுக்கு நான்கு விரற்கடை குறைந்து, அழுதுகொண்டே திரும்புகிறது. வீட்டிலுள்ள மிகக் குட்டையான குழந்தையின் உயரமே பூங்காவைத் தேர்ந்தெடுப்பதற்கு முதற் பிரமாணம் என்பதும், தூரமும் கட்டணமும் அதற்கு அடுத்தபடிதான் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

வயதைக் கேளாமல் உயரத்தை ஏன் கேட்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால் அந்தக் கோட்டின் மீது நமக்கு மனத்தாங்கல் உண்டாகாது. செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்சார ரயிலுக்குச் சீட்டு வாங்குகையில், ஐந்து வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணமில்லை, பன்னிரண்டு நிறையாதவருக்கு அரைக் கட்டணம் என்று வயதைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். அங்கே குழந்தையை ஆசனத்தோடு பிணைக்கும் கருவி எதுவும் இல்லையாதலால் வயது போதுமானது. ராட்டினத்திலோ, வண்டி புரளும்போதும் சடுதியில் நிற்கும்போதும் சரீரம் இருக்கையை விட்டுப் பிரியாமல் காப்பது தொடையை அழுத்தும் இரும்புத் தண்டோ தோளின் மீது இறங்கும் கவசமோ ஆகும். அது ஒரு குறிப்பிட்ட அளவுள்ள உடலை உத்தேசித்துச் செய்யப்பட்டது. குட்டையான குழந்தை முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்புக்கு வராது; முழங்காலை மடக்க வேண்டி முன்னே நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும்; பாதம் ஊன்றாமல் தொங்கும்; தோட்கவசம் தோளில் பதியாமல் காதருகே நிற்கும். மேலும், சிறு குழந்தைகளின் தலை அவர்களுடைய உடலின் அளவுக்குப் பெரியது, கழுத்துத் தசையோ இன்னும் வலுப்பெறாதது. ஆதலால் வேகம் திடீரென்று தடைப்படும்போது முன்புறம் கவிழ்வதற்கும் கழுத்து அதிர்வதற்கும் அவர்களுக்கு ஏது அதிகம்.

பெற்றோரின் அன்பே அபாயத்துக்கு இடங்கொடுத்துவிடும் சந்தர்ப்பம் ஒன்றுண்டு. அது, ஒரே தண்டின் கீழ் தகப்பனாரும் குழந்தையும் சேர்ந்து உட்காரும் ராட்டினம். தகப்பனாரின் தொடையில் முட்டியவுடன் தண்டு அங்கேயே நின்றுவிட, பக்கத்திலிருக்கும் குழந்தையின் மடிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டாகிவிடுகிறது; அவர் தம் கையால் அணைத்துக்கொண்டிருப்பதைக் காவல் என்று நம்புகிறார், ஆனால் சுழலும் யந்திரத்தின் வேகத்துக்கு முன் அந்தக் கை போதாது. ‘பெரியவர் துணையோடு அனுமதி’ என்று பலகையில் எழுதியிருந்தாலும், துணையோடு ஏறும் குழந்தைக்கும் ஒரு குறைந்தபட்ச உயரம் விதித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே ஏற்றுவது அவசியம். ஆலையில் தலைக்குமேல் ஓடும் கிரேனின் உத்தரத்தில் எத்தனை டன் தூக்கலாம் என்று எழுதியிருக்கிறதே, உயரக் கோடும் அத்தகைய ஓர் அளவுதான். அந்த எழுத்தை மதித்து வேலை செய்கிறவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கேளிக்கை யந்திரங்களின் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 15475 என்னும் இந்தியத் தரவிதி இருக்கிறது. ஆயினும் எல்லா ராட்டினங்களுக்கும் பொதுவான ஒரே உயரம் கிடையாது. ஆசனத்தையும் வேகத்தையும் கொண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிர்ணயிக்கிறார்கள். சிங்கப்பூர் செந்தோசாத் தீவிலுள்ள யூனிவர்சல் ஸ்டுடியோஸில் ஒரே வளாகத்துக்குள் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., மம்மி என்னும் இருட்டு ரயிலுக்கு 122 செ.மீ., பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 செ.மீ. என்று மூன்று அளவுகள் வைத்திருக்கிறார்கள். சிறுவர்களுக்கே உரிய ராட்டினங்களில் இதற்கு மாறாக உச்ச உயரமும் உண்டு. பத்து வயது அண்ணன் தங்கையோடு அதில் ஏற முடியாமல் போவது அதனால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். சீட்டுக்கான உயரம் வேறு, ராட்டினத்துக்கான உயரம் வேறு. வொண்டர்லா நிறுவனத்தின் பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணமில்லை. 85 முதல் 140 வரை சிறுவர் சீட்டு. அதற்குமேல் முழுச் சீட்டு. சிறுவர் சீட்டு வாங்கிய 95 செ.மீ. குழந்தை எல்லா ராட்டினத்திலும் ஏறலாம் என்று அந்தச் சீட்டு வாக்களிக்கவில்லை. வேகமானவற்றுள் பெரும்பாலானவை அதற்கு மூடியே இருக்கும். ஆதலால் சீட்டின் விலையை, அந்தக் குழந்தை ஏறக்கூடிய ராட்டினங்களின் எண்ணிக்கையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தர உயரம் மூன்று வயதில் ஏறக்குறைய 96 செ.மீ., நான்கில் 103, ஐந்தில் 110, ஆறில் 116, ஏழில் 121, எட்டில் 127, பத்தில் 138. நான்கடி என்பது 122 செ.மீ. ஆகையால், அந்தக் கோட்டைச் சராசரிக் குழந்தை எட்டுவது ஏழு வயதைக் கடந்துதான். இது சராசரி மட்டுமே. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்குரிய உயரத்துக்குக் குறைந்திருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எனவே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏறினான், இவனுக்கும் அதே வயதுதானே என்று வாதிப்பதில் பயனில்லை. அளப்பதும் சுலபம்: செருப்பின்றி, குதிகாலும் பின்னந்தலையும் சுவரைத் தொட, கண் நேரே பார்க்க நிறுத்தி, தலைமேல் தட்டையான புத்தகமொன்றைச் சுவரோடு செங்குத்தாக வைத்துக் கோடிட்டு, தரையிலிருந்து இரும்பு டேப்பால் அளக்க வேண்டும். காலையில் அளந்த உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். அளவு மயிரிழையில் இருந்தால் எட்டவில்லை என்றே கொள்வது நலம்.

இனி இடங்களைப் பார்ப்போம். எல்லாக் குழந்தைகளும் 90 செ.மீ.க்குக் கீழே இருக்கும் வீட்டார் கேளிக்கைப் பூங்காவுக்குப் பணம் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன். கிண்டி சிறுவர் பூங்காவும், அதையடுத்து 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணையும், வண்டலூர் உயிரியல் பூங்காவும் அந்தப் பிராயத்துக்குப் போதிய குதூகலத்தைத் தரும். ஒரு குழந்தை 95, மற்றொன்று 125 என்று கலந்திருக்கும் வீட்டாருக்குப் பழஞ்சூரிலுள்ள குவீன்ஸ்லேண்ட் பொருத்தம்: திருவள்ளூர்–பூந்தமல்லி நெடுஞ்சாலையில் திருமழிசை வரை சென்று பெங்களூர் நெடுஞ்சாலையில் திரும்பினால் பிரயாணம் சுருக்கமாக முடிவதால், சின்னவன் களைத்துப்போனால் நடுப்பகலிலேயே வீடு திரும்பலாம், செலவு வீணானதாகத் தோன்றாது. ஈஞ்சம்பாக்கத்திலுள்ள வி.ஜி.பி. பூங்கா தூரமானாலும், கடற்காற்றும், பக்கத்திலேயே 2019-இல் திறக்கப்பட்ட மெரைன் கிங்டம் மீன் காட்சியகமும் அதற்கு விசேஷ அனுகூலங்கள். மீன் பார்ப்பதற்கு உயரக் கோடு கிடையாது. அந்த வி.ஜி.பி. பூங்காவில் 2025 மே மாதத்தில் ஒரு ராட்டினம் உயரத்தில் நின்றுவிட, ஏறியிருந்தவர்களைத் தீயணைப்புப் படையினர் இரவில் இறக்கிக் காப்பாற்றினார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். கோட்டை எட்டிய குழந்தையும், அவ்வளவு உயரத்தில் அத்தனை நேரம் அஞ்சாமல் அசையாமல் இருக்கக் கூடியவனா என்பதைப் பெற்றோர்தாம் தீர்மானிக்க வேண்டும். உயரம் அவசியமான தகுதியே தவிர, அதுவே போதுமான தகுதி ஆகாது.

2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் திறந்த வொண்டர்லா, வெளிவட்டச் சாலை வழியே வண்டலூரை அடைந்து கேளம்பாக்கம் செல்ல வேண்டிய நெடுந்தூரம். எல்லாப் பிள்ளைகளும் 120 செ.மீ.யைத் தாண்டிய பிறகே அது முழுப்பயன் தரும். 140-ஐத் தாண்டினால் முழுச் சீட்டு என்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்று நான்கு வருஷங்களே அதற்கு உத்தமமான காலம்.

இவையெல்லாவற்றையும்விட நம் வீட்டுக்கு அருகில் வருபவை திருவிழா ராட்டினங்கள். புட்லூர் அம்மன் கோயில், திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் போன்ற இடங்களில் விசேஷ நாட்களுக்குச் சேரும் ஜனத்திரளை நம்பியும், பொங்கலையொட்டித் தீவுத்திடலில் நடக்கும் பொருட்காட்சியிலும், குடை ராட்டினமும், ஜெயன்ட் வீலும், படகுபோல் ஆடும் கொலம்பஸும் வந்து நிற்கின்றன. ஒரே சுற்றுக்குக் காசு கொடுத்தால் போதும் என்பது பெரிய சௌகரியம். ஆனால் உயரக் கோட்டை அங்கே பெரும்பாலும் காண முடியாது. கோடில்லாத இடத்தில் பெற்றோரே பரிசோதகர்: முதுகு சாய்ந்து, முழங்கால் விளிம்பில் மடிந்து, தண்டு குழந்தையின் தொடையிலேயே படிந்து, இரு கைகளாலும் பற்றிக்கொள்ள முடிகிறதா என்று ராட்டினம் நகருமுன் பார்த்து, ஒன்று குறைந்தாலும் இறக்கிவிட வேண்டும். கொலம்பஸிலும் ஜெயன்ட் வீலிலும் நான்கடிக்குக் குறைந்த குழந்தையை நான் ஏற்றுவதில்லை. தாழ்வாகச் சுற்றும் குதிரை ராட்டினமே அவர்களுக்கு ஏற்றது.

கோட்டுக்கு ஓரிரு விரற்கடை குறைந்த குழந்தைக்குக் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டுவதோ, வாசலில் நிற்கும் ஊழியரிடம் ‘இந்த ஒரு தடவை விடுங்கள், தம்பி’ என்று கெஞ்சுவதோ தகாது. அவர் இளகினால் பழி அவரைச் சேரும், அபாயம் நம் குழந்தையைச் சேரும். புறப்படுவதற்கு முந்திய நாள் பூங்காவுக்கே போன் செய்து, ராட்டினம் வாரியாக உயர விவரம் கேட்டு எழுதிக்கொண்டு, எது முடியாது என்பதை வீட்டிலேயே குழந்தைக்குச் சொல்லிவிட்டு, மூத்தவன் மேலே சுற்றும் நேரத்தில் இளையவளோடு கீழே இருக்கப்போவது அம்மாவா, மாமாவா என்பதையும் அப்போதே நிச்சயித்துக்கொள்ளுங்கள். துணைக்கு வரும் பெரியவர் ஒருவர்தான் என்றால், இரு குழந்தைகளும் சேர்ந்து ஏறக்கூடியவை அதிகமுள்ள இடத்துக்கே போங்கள்.