புளியங்கொட்டையும் பெனால்டியும்: நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு கால்பந்து வழக்கு

ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்று எடுத்துக்காட்டுகள் வருகின்றன. மாணவர்கள் 1/2, 1/6, 1/13 என்று சரியாகவே விடை எழுதிவிடுகிறார்கள். ஆனால் எல்லா வாய்ப்புகளின் நிகழ்தகவையும் கூட்டினால் 1 வர வேண்டும் என்பது அவர்களுக்கு வெறும் வரியாகவே நின்றுவிடுகிறது. 1 வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே நான் கால்பந்துப் பந்தயத்தை வகுப்புக்குள் கொண்டுவருகிறேன். சூதாட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும் பிள்ளைக்கு விளம்பரங்கள் அதை ஏற்கெனவே சொல்லித்தந்துவிட்டன. அவை சொல்லாமல் விட்ட கணக்கைத்தான் நான் கரும்பலகையில் எழுதுகிறேன்.

இதற்குத் தேவை சுமார் 200 புளியங்கொட்டைகளும் 13 துண்டுச் சீட்டுகளும். பந்தயச் செயலி எதையும் வகுப்பில் திறந்து காட்டக் கூடாது. அதன் பெயரைக்கூட நான் சொல்வதில்லை. கரும்பலகையில் மூன்று எண்கள் மட்டும் போதும். உள்ளூர் அணி வென்றால் 2 மடங்கு, ஆட்டம் சமனில் முடிந்தால் 4 மடங்கு, வெளியூர் அணி வென்றால் 3 மடங்கு. கட்டிய பணம் உட்படத் திரும்பக் கிடைக்கும் தொகை இது. 2 மடங்கு தருகிறேன் என்றால் அதற்கான வாய்ப்பு 1/2 என்று பந்தயம் பிடிப்பவர் சொல்வதாகப் பொருள். அப்படியே 1/4, 1/3. மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். மீ.பொ.ம. 12. விடை 13/12. ஒரு நிமிடம் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருவர், "சார், ஒண்ணுதானே வரணும்?" என்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

மீதியைப் புளியங்கொட்டை சொல்லும். மூன்று மாணவர்களுக்கு ஆளுக்கு 60 கொட்டை. ஒருவர் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளூர் அணி மேல் 6 கொட்டை வைப்பார். இரண்டாமவர் சமன் மேல் 3. மூன்றாமவர் வெளியூர் அணி மேல் 4. நான்காவது மாணவர் பந்தயம் பிடிப்பவர். அவர் வெறுங்கையோடு உட்காரலாம். ஒரு கொட்டைகூடத் தர வேண்டாம். ஐந்தாமவர் டப்பாவிலிருந்து சீட்டு எடுப்பார் (உள்ளூர் 6, சமன் 3, வெளியூர் 4 சீட்டுகள், எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும்). எந்தச் சீட்டு வந்தாலும் வாங்கியது 13, கொடுப்பது 12. பத்துச் சுற்று முடிந்ததும் பந்தயம் பிடித்தவரிடம் 10 கொட்டை இருக்கும். ஒன்பதும் இருக்காது, பதினொன்றும் இருக்காது. விளையாடிய மூவரில் ஒருவர் கொஞ்சம் சம்பாதித்திருக்கக்கூடும். வகுப்பு அவரைத்தான் வேடிக்கை பார்க்கும். மூவரின் கையிருப்பையும் கூட்டச் சொன்னால் 170தான் வரும். 13/12 என்ற பின்னத்தில் மிகுந்த அந்த 1/12 எங்கே போனது என்பது அப்போது கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையான பந்தய நிறுவனங்களில் ஒவ்வொரு முடிவின் மேலும் இவ்வளவு ஒழுங்காகப் பணம் விழாது. அதற்கேற்ப அவர்கள் மடங்கை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அந்த அளவு விளக்கம் போதும்.

பதினோராம் சுற்றுக்கு முன்னால், சமன் மேல் பந்தயம் வைப்பவரையும் சீட்டு எடுப்பவரையும் வெளியே அழைத்துக் காதில் ஒரு சொல் சொல்லி அனுப்புகிறேன். அவர் இந்தமுறை 3க்குப் பதில் 10 வைப்பார். மற்றவர் டப்பாவைப் பார்த்தே சமன் சீட்டை எடுப்பார். 10க்கு 4 மடங்கு, 40 கொட்டை கொடுத்தாக வேண்டும். அந்தச் சுற்றில் வந்தது 20. பத்துச் சுற்றில் சேர்த்தது 10. பந்தயம் பிடித்தவர் பத்துக் கொட்டைக்குத் தவிப்பார். வகுப்பில் எழும் சத்தத்தைப் பார்த்துப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தாலும் பார்ப்பார். இந்த இடத்தில் பாடர்போர்ன் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்குவேன்.

2004 ஆகஸ்ட் 21. ஜெர்மன் கோப்பைப் போட்டியின் முதல் சுற்று. நாட்டின் முதல் பிரிவில் ஆடும் ஹாம்பர்க் அணி, மூன்றாம் பிரிவில் இருந்த பாடர்போர்ன் அணியின் மைதானத்தில் ஆடுகிறது. ஹாம்பர்க் 2-0 என்று முன்னிலை பெற்றது. அதன் பிறகு அதன் முன்கள வீரர் எமில் எம்பென்சா நடுவரோடு வாக்குவாதம் செய்ததாகச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பாடர்போர்னுக்குச் சந்தேகத்துக்குரிய இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. முடிவு 4-2, பாடர்போர்ன் வெற்றி. நடுவர் ராபர்ட் ஹோய்ட்சருக்கு அப்போது வயது 24. பெர்லினில் 'கஃபே கிங்' என்ற கடையை மையமாகக் கொண்டு இயங்கிய அன்டே ஷபினா என்பவர், பாடர்போர்ன் வெல்லும் என்று பணம் கட்டியிருந்தார்.

ஏன் பலவீனமான அணி? இந்தக் கேள்விக்கு மாணவர்களே விடை கண்டுபிடித்துவிடுவார்கள். வலுவான அணிக்கு மடங்கு குறைவு. பலவீனமான அணிக்கு அதிகம். ஏன் நடுவர்? பதினோரு பேரை வாங்குவதைவிட ஒருவரை வாங்குவது எளிது. பெனால்டியா இல்லையா என்பது அவர் கண்ணையும் விசிலையும் பொறுத்தது. அன்றைக்கு வீடியோ உதவி நடுவர் முறையும் கிடையாது. தவறாக விசில் ஊதினாலும் 'மனிதத் தவறு' என்று போய்விடும்.

பல ஆட்டங்களுக்குமாகச் சேர்த்து ஹோய்ட்சருக்குக் கிடைத்தது 67,000 யூரோவும் ஒரு பிளாஸ்மா தொலைக்காட்சிப் பெட்டியும். ஷபினா தரப்பு ஈட்டியது ஏறத்தாழ 20 லட்சம் யூரோ. இது எத்தனை சதவீதம் என்று கணக்கிடச் சொன்னால் 3.35 என்று வரும். வாழ்க்கையையே பணயம் வைத்தவருக்கு நூற்றில் மூன்றரைகூட இல்லை. சதவீதப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தது காவல்துறையல்ல. உடன் பணியாற்றிய நான்கு நடுவர்கள். 2005 ஜனவரியில் அவர்கள் தங்கள் சந்தேகத்தை ஜெர்மன் கால்பந்துச் சங்கத்திடம் சொன்னார்கள். முதலில் மறுத்த ஹோய்ட்சர் சில நாளில் ஒப்புக்கொண்டார். நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டு 5 மாதமும் ஷபினாவுக்கு 2 ஆண்டு 11 மாதமும் சிறைத்தண்டனை விதித்தது. நண்பனைக் காட்டிக்கொடுக்கலாமா என்பது எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரான கேள்வி. இங்கே பத்து நிமிடமாவது விட்டுக்கொடுங்கள். "நேரா அவர்கிட்டயே முதல்ல கேட்டிருக்கணும்" என்று ஒரு மாணவி சொன்னதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் இந்த வழக்கின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தை விலைபேசுவதற்கென்று அன்றைய ஜெர்மனியில் தனிச்சட்டம் இல்லை. மோசடிப் பிரிவின் கீழ்தான் தண்டனை தரப்பட்டது. மோசடிக்கு ஒரு பொய் வேண்டும். பந்தயக் கவுண்ட்டரில் ஷபினா என்ன பொய் சொன்னார்? சீட்டை நிரப்பினார், பணம் கட்டினார், அவ்வளவுதான். மேல்முறையீட்டில் அரசுத் தரப்பு வழக்கறிஞரே விடுதலை கேட்டார் என்றால் வாதத்தின் வலுவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 2006 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பந்தயம் கட்டுகிற எவரும், 'இந்த ஆட்டத்தில் நான் கைவைக்கவில்லை' என்பதைச் சொல்லாமலே சொல்கிறார். அது பொய்யானால் மோசடிதான் என்பது அதன் நிலை. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிடச் சொன்னால் அருமையாக வாதிடுகிறார்கள். ஆட்ட மோசடிக்கென்றே தனிச் சட்டப்பிரிவு அங்கே 2017இல்தான் வந்தது.

ஷபினா இதோடு நிற்கவில்லை. 2009இல் போகும் நகர அரசு வழக்கறிஞர்கள் தொடங்கிய விசாரணையில், ஒன்பது நாடுகளில் சுமார் 200 ஆட்டங்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. 2011இல் அவருக்கு ஐந்தரை ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. முதல் வழக்கில் பணம் கட்டியது பெரும்பாலும் அரசு நடத்திய ஒட்செட் என்ற பந்தய நிறுவனத்தில். பின்னர் பணம் போனது ஆசியப் பந்தயச் சந்தைக்கு. எழுத்தில் இல்லாத சந்தையில் யார் கட்டினார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்று கேட்க ஆளில்லை. நம் புளியங்கொட்டை ஆட்டத்தில், எப்போதும் 3 வைப்பவர் திடீரென 10 வைத்தால் பந்தயம் பிடித்தவருக்குச் சந்தேகம் வரலாம். திரைக்குப் பின்னால் நின்று பத்து ஆட்கள் மூலம் ஆளுக்கு ஒரு கொட்டையாக வைத்தால்?

யார் நட்டப்பட்டார்கள் என்று கேளுங்கள். முதலில் பந்தய நிறுவனம் என்பார்கள். விட்டுவிடாமல் கேட்டால் எம்பென்சா வருவார், இரண்டு மாதத்தில் வேலையிழந்த ஹாம்பர்க் பயிற்சியாளர் கிளாஸ் டொப்மொல்லர் வருவார். தன் ஊர் அணி பெரிய அணியைச் சாய்த்தது என்று அன்று துள்ளிய பாடர்போர்ன் சிறுவன் கடைசியில்தான் வருவான். சில வகுப்புகளில் வருவதே இல்லை. நான் எடுத்துக்கொடுப்பதில்லை.

பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று. "உங்கள் வீட்டில் யாராவது ஆடுகிறார்களா?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். பணத்துக்காக ஆடும் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லலாம். அண்ணனோ அப்பாவோ பணம் இழந்த வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளை மணி அடித்த பிறகு கொட்டைகளைப் பொறுக்குகிற சாக்கில் பின்தங்கி நிற்கும். அடுத்த பாடவேளைக்குச் சற்றுத் தாமதமாகப் போக நேர்ந்தாலும் பரவாயில்லை, நீங்களும் குனிந்து கொட்டை பொறுக்குங்கள்.