ஒரு சாளரமும் பதினான்கு ஆண்டுகளும்

ஆசிரியப் பயிற்சியில் ‘உற்றுநோக்கல்’ என்றொரு பகுதி உண்டு. ஓர் இலையையோ எறும்புப் புற்றையோ மாணவர்க்குக் காட்டி, கண்டதை எழுதுமாறு கூறுவோம். முதல் ஐந்து நிமிடங்கள் எல்லோரும் விரைந்து எழுதுவர். பிறகு எழுதுகோல்கள் நின்றுவிடும். “எல்லாம் எழுதிவிட்டோம்” என்பர். பாடம் உண்மையில் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஆனால் அதற்குள் மணி அடித்துவிடும். மணி அடிக்காத அத்தகைய வகுப்பொன்றில் பதினான்கு ஆண்டுகள் இருந்த ஒருவரைப் பற்றி ஈண்டுக் காண்போம். அவர் செக் நாட்டு நிழற்படக் கலைஞர் யோசப் சுடெக்.

அவர் 1896ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் கோலின் என்ற ஊரில் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கீழ் இருந்தது. நூல்களுக்கு அட்டை கட்டும் பைண்டிங் தொழிலை அவர் கற்றுத் தேர்ந்தார். முதல் உலகப் போர் மூண்டது. படையில் சேர்க்கப்பட்டு இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே காயமுற்ற வலக்கையைத் தோள்வரை நீக்கிவிட்டனர். சில ஆண்டுகள் மருத்துவமனையில் கழிந்தன. தாள்களை மடித்துத் தைத்து ஒட்டுவதற்கு இரு கைகள் வேண்டும். கற்ற தொழில் அவரைக் கைவிட்டது. படைக்குச் செல்லுமுன்பே விருப்பத்திற்காகக் கையிலெடுத்த காமிரா மட்டும் எஞ்சியது.

1922 முதல் 1924 வரை பிராக் நகரத்து வரைகலைப் பள்ளியில் நிழற்படக் கலை பயின்றார். அப்போது கட்டி முடிக்கப்பெற்று வந்த புனித விட்டஸ் பேராலயத்தைத் தொடர்ந்து படமெடுத்தார். சிற்பங்களுக்கு நடுவே கிடந்த மரச்சட்டங்களையும் சுண்ணாம்புத் தள்ளுவண்டிகளையும் அவர் ஒதுக்கவில்லை. அவற்றுள் 15 படங்கள் 1928இல் தொகுப்பாக வெளிவந்தன.

இடையில், 1926இல், இசைக்குழு நண்பர்களுடன் இத்தாலி சென்றவர், நிகழ்ச்சி ஒன்றின் நடுவே எழுந்து வெளியேறினார். தாம் கையிழந்த இடத்தைத் தேடிச் சென்றார். ஏறத்தாழ இரு திங்கள் கழித்தே பிராக் திரும்பினார். அதன்பின் அவர் வெளிநாட்டுப் பயணங்களை நாடவில்லை. இழந்ததைத் தேடும் வேலை அத்துடன் முடிந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1939 மார்ச்சு 15ஆம் நாள் ஜெர்மானியப் படை பிராக் நகரில் நுழைந்தது. தெருவில் காமிராவும் தாங்கியுமாக நிற்பவரை ஐயத்துடன் நோக்கும் காலம் வந்தது. சுடெக் தம் பணிக்கூடத்தின் சாளரத்தை நோக்கித் திரும்பினார். அப்பணிக்கூடம், நகரின் பழைய பகுதியொன்றில், வீடுகளுக்கு நடுவேயிருந்த முற்றத்தில் நின்ற ஒரு மரக்கொட்டில். வெளியே சிறு தோட்டம். அதில் வளைந்து முறுகிய மரம் ஒன்று. 1940 முதல் 1954 வரை அவர் இச்சாளரத்தை மீண்டும் மீண்டும் படமெடுத்தார். மழைநாளில் கண்ணாடியில் வழிந்த நீர்க்கோடுகள், உள்ளறை வெம்மையால் படிந்த ஆவித்துளிகள், பனிக்காலத்து உறைபனிப் பூக்கள், அவற்றுக்கு அப்பால் மங்கலாக அம்மரம். சாளரத் திண்டில் சில வேளை ஒரு குவளை நீரில் ஒரு மலர். இவ்வளவே. எனினும் ஒரு படம் போல் மற்றொன்று இல்லை.

அவர் பணிபுரிந்த முறையை மாணவர் சற்றே ஊன்றி அறிதல் வேண்டும். 1940இல், நெகட்டிவைப் படத்தாளின் மேல் நேராக வைத்துப் படியெடுத்த பழைய நிழற்படம் ஒன்றை அவர் கண்டார். பெரிதாக்கும் கருவி ஏதும் இடையில் இல்லாமையால் கல்லின் சொரசொரப்பும் நிழலின் படிநிலைகளும் அதில் அப்படியே நின்றன. அன்றுமுதல் பெரிதாக்கும் முறையைக் கைவிட்டார். நெகட்டிவ் எவ்வளவோ அவ்வளவே படம். எனவே பெரிய படம் வேண்டின் பெரிய காமிராவைச் சுமக்க வேண்டும்; ஒற்றைக் கையர் சுமந்தார். அத்தகைய காமிராவின் பின்புறத் தேய்கண்ணாடியில் உருவம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். ‘மரம்’, ‘கோப்பை’ என்று பெயர் சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் அங்கே செல்லாது. ஒளியையும் வடிவத்தையும் புதிதாகப் பார்த்தே ஆக வேண்டும். மனத்தை ஓரிடத்தில் இருத்துக என்று சொல்லுதல் எளிது. எவ்வாறு என்பதற்கு அக்கருவி வழி காட்டியது. (பிலிமிலும் படத்தாளிலும் வெள்ளி உப்பைப் பிடித்து நிறுத்துவது, விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். நம் வாசகர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. பிலிம் இல்லாத இக்காலக் காமிராவில் அதற்கு வேலையில்லை.)

இங்கு ஒரு வினா எழும், எழவும் வேண்டும். 1941 அக்டோபர் முதல் பிராக் நகரத்து யூத மக்கள் இரயில்களில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டனர். அக்காலத்தில் ஒருவர் சாளரத்து நீர்த்துளிகளைப் பார்த்திருந்தது கவனமா, கண்மூடலா? அப்படங்கள் எந்த இரயிலையும் நிறுத்தவில்லை. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பின்னர் நடந்த ஒன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆஷ்விட்ஸ் முகாமிற்குச் சென்றும் உயிர் பிழைத்த சோனியா புல்லாட்டி என்ற இளம்பெண், போருக்குப் பின் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பழைய மண்டபம் ஒன்றில் இருவரும் காமிராவை நிறுத்திக் காத்திருந்தபோது மெல்லிய வெயிற்கதிர் ஒன்று உள்ளே விழுந்ததாம். உடனே இருவரும் துணிகளை வீசிப் புழுதி எழுப்பினராம், ஒளியைக் கண்ணால் காண்பதற்காக! பின்னாளில் அமெரிக்காவில் வாழ்ந்த அவர், இசையை உயிரெனப் போற்றிய தம் ஆசிரியருக்கு இசைத்தட்டுகள் அனுப்பி வந்தார். 1978இல் அவரைப் பற்றி நூலும் வெளியிட்டார். அத்தகைய ஒருவர் வந்து நிற்பதற்குரிய அறையை அச்சாளரம் காத்து வைத்திருந்தது என்று நாம் கருதுகிறோம். கண்மூடியிருந்தவரால் அது இயன்றிராது.

சுடெக்கின் அறை ஒழுங்கானதன்று. எதனையும் எறியாமல் தாளும் நூலும் பெட்டியுமாகக் குவித்திருந்தார். கடைசியில் நடக்கவே இடமில்லை. மேசையைத் துடைத்து வை என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குச் சொல்லிவந்த நமக்கு இது உவப்பில்லை. அவரோ அக்குவியலையும் படமாக்கினார்! 1959இல் பிராக் நகரின் அகலப்படங்கள் 284 கொண்ட நூல் வெளிவந்தது. 1976 செப்டம்பர் 15ஆம் நாள், தம் 80ஆம் வயதில், அவர் மறைந்தார்.

இப்போது வீட்டிலேயே செய்தற்குரிய பயிற்சி. கைப்பேசிக் காமிரா இருப்பின் அதுவே போதும். வீட்டின் ஒரு சாளரத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகானதாக இருக்க வேண்டியதில்லை. ஏழு நாட்கள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கால்மணி நேரம் அமருங்கள். முதல் பத்து நிமிடங்கள் காமிரா மடியிலேயே இருக்கட்டும். பிறகு ஒரே ஒரு படம். நன்றாக வரவில்லை என்று மீண்டும் எடுத்தல் கூடாது. சலிப்பு மூன்றாம் நாள் வரும். அன்றுதான் எழுந்து போகாமலிருத்தல் வேண்டும். ஏழாம் நாள் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்து, முதல் நாள் கண்ணில் படாதது எது என்று பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும். பாட்டனாரும் பாட்டியாரும் தனித்தாளில் எழுதலாம், விடைகள் ஒத்திருக்கமாட்டா.