தராசினுள் அமர்ந்த நுண்செயலி

சங்கத்தில் நெசவாளருக்கு நூல் எடை போட்டே அளிக்கப்படுகிறது. நெய்து வரும் துணியும் எடை பார்த்தே ஏற்கப்படுகிறது. பருத்தி விளைவிப்போருக்கோ எடையே பணம். அந்த எடையைக் காட்டும் மின்னணுத் தராசினுள் நுண்செயலி என்னும் சிறு கருவி அமர்ந்துள்ளது. அதன் இயல்பை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் நலம்.

நுண்செயலி யாது?

கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக் கணக்கிடும் சிலிக்கன் சில்லே நுண்செயலி. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் கணக்கிடும் பொறிக்கென வகுக்கப்பட்ட அதில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. பின்னர்ச் செயலியும் நினைவகமும் ஒரே சில்லில் அடங்கின. அத்தகைய சில்லுகள் இன்று மின்மானி, சலவை இயந்திரம், பால் பரிசோதனைக் கருவி ஆகியவற்றினுள் ஒரே வேலைக்கெனப் பதிக்கப்படுகின்றன.

ஜக்கார்டு காட்டும் உவமை

ஜக்கார்டு அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி பாவிழையைத் தூக்கும். துளையில்லாவிடில் இழை கீழேயே நிற்கும். அட்டையே கட்டளை. மின்னணு ஜக்கார்டில் அட்டையின் இடத்தை நினைவகம் பெறுகிறது. அட்டை தவறாகத் துளைக்கப்பட்டால் பூவேலையும் தவறும். நுண்செயலியும் அவ்வாறே, இட்ட கட்டளையைச் செய்யுமேயன்றி, அது நேர்மையானதா என ஆராயாது.

தராசு எடை காணும் முறை

தட்டின் கீழுள்ள உலோகத் துண்டு பாரத்தால் மிகச் சிறிதளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை மாறுகிறது. இம்மாற்றம் எண்ணாக்கப்பட்டு, நினைவகத்திலுள்ள விகிதத்தால் நுண்செயலியிடம் எடையாகிறது. அவ்விகிதம் பிசகினால் எடையும் பிசகும். அதை எவரும் மாற்றாதிருக்கவே முத்திரை இடப்படுகிறது.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை

1. சரக்கை வைக்குமுன் தராசு சுழியம் காட்ட வேண்டும்.

2. சாக்கின் எடை உண்மையான அளவே கழிக்கப்பட வேண்டும்.

3. முத்திரை சிதையாதிருக்க வேண்டும். மின்னணுத் தராசை ஆண்டுக்கொரு முறை மறுமுத்திரையிடுதல் சட்டம்.

4. முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துச் சரிபார்க்கலாம்.

ஐயம் தோன்றின் காரியதரிசியிடம் கூறுக. தீராவிடில் சட்டமுறை எடையளவு அதிகாரிக்கு எழுதுக. கேட்பது குற்றமன்று, அது அங்கத்தினரின் உரிமை.